ஐ.பி. கொடுத்தவள்

1

சென்ற செவ்வாய்க்கிழமை தபால்காரர் என் சான்றிதழை இரண்டாக மடித்து, கதவில் இருக்கும் துளை வழியாக உள்ளே தள்ளிவிட்டுப் போனார். உறையின் மேல் 'மடிக்கக் கூடாது' என்று சிவப்பில் பெரிதாக அச்சடித்திருந்தது. இங்கிலாந்தின் வடக்கே லீட்ஸ் நகரத்துக்கு நான் வந்து பதினாறு வருடம் ஆகிறது. சிவப்பில் அச்சடித்ததை யாரும் மதிப்பதில்லை என்பது இரண்டு நாட்டுக்கும் பொதுவான விஷயம்.

நொடித்துப்போகும் கம்பெனிகளைக் கையில் எடுத்து, முடிந்தால் சீர்செய்து பிழைக்க வைக்கவும், முடியாவிட்டால் முறையாக மூடவும் எனக்கு இப்போது உரிமம் இருக்கிறது. இப்படிப்பட்ட ஓர் அலுவலகத்தில் பத்து வருடம் குமாஸ்தா வேலை பார்த்துவிட்டு, நாற்பதைத் தாண்டிய வயதில், எம்.காம்.முக்கு மேல் மூன்று வருடம் படித்து வாங்கியது. இந்த வேலையைச் செய்பவருக்கு இங்கே இன்சால்வென்சி பிராக்டிஷனர் என்று பெயர். சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும் என்பதால் எல்லோரும் ஐ.பி. என்று சுருக்கிவிடுவார்கள்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் இந்த இடத்தில் சிரித்திருப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு இப்போது சிரிப்பு வருவதில்லை.

என் கணவர் சாம் இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். மடிப்பின் மேல் ஒரு துண்டைப் போட்டு, இஸ்திரிப் பெட்டியால் மெதுவாகத் தேய்த்துச் சரிசெய்தார். பிறகு போனை எடுத்துப் படம் பிடித்தார். அருமனையில் இருக்கும் என் குடும்பத்தின் வாட்சப் குழுவில் போடப் போனபோது, "போடாதீங்க" என்று நான் கத்திய கத்தலில், மாடியிலிருந்து மகள் ரியா இறங்கி வந்துவிட்டாள். பதினாறு வயது. என்னவென்று கேட்டாள். தமிழில் சொல்லத் தொடங்கினேன். பாதியில் அவளுக்கு அலுத்துவிட்டது. ஆங்கிலத்தில் சொன்னால் கதையே வராது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

2

எங்கள் பக்கத்தில் ஐ.பி. என்றால் ஒரே அர்த்தம்தான். இன்சால்வென்சி பெட்டிஷன். கடனைக் கட்ட முடியவில்லை என்று கோர்ட்டில் கையை விரிப்பது. மற்ற ஊர்களில் மஞ்சள் கடுதாசி என்பார்கள். 'அவன் ஐ.பி. குடுத்துட்டான்' என்று ஒருவனைப் பற்றிச் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அவனைப் பற்றிச் சத்தமாக யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அருமனையில் ஒரு துணிக்கடைக்காரர் ஐ.பி. கொடுத்தார். அவர் மகள் என் பெஞ்சில் இருந்தவள். ஒரு வாரம் பள்ளிக்கூடம் வரவில்லை. வந்தபோது யாரும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. டீச்சர்கூடக் கேட்கவில்லை. மத்தியானம் எல்லோரும் அவளுக்குத் தங்கள் டப்பாவிலிருந்து எதையாவது வைத்தார்கள். நான் வீட்டில் போய், "அப்பா, அவுங்க கட என்னாச்சு?" என்று கேட்டேன். அப்பா அதுவரை என்னை அதட்டியதில்லை. அன்றைக்கு, "அதெல்லாம் கேக்கப்பிடாது. நொந்த மனுசனுக்க மானத்தத் தோண்டப்பிடாது" என்று அதட்டினார். அடுத்த வருடம் அந்தப் பெண் எங்கேயோ போய்விட்டாள். அப்போதும் யாரும் கேட்கவில்லை.

கேட்காமல் இருப்பது எங்கள் ஊரில் மரியாதை. இந்த மரியாதைதான் எங்கள் குடும்பத்தைக் குட்டிச்சுவராக்கியது.

3

படிப்பில் சேருவதற்கான விண்ணப்பம் பதினெட்டுப் பக்கம். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதை ஒவ்வொரு அலுவலகத்துக்கும் தனித்தனியாக விளக்க வேண்டும். அப்பா பெயர் தங்கையன் எனக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. ஆறு மாதம் எனக்கு வந்த கடிதங்கள் எல்லாம் 'அன்புள்ள திரு. தங்கையன்' என்றுதான் தொடங்கின. செத்துப்போன அப்பா லீட்ஸில் பரீட்சைக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தார்.

அந்த விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: 'நீங்கள் எப்போதாவது கடனைக் கட்ட முடியாதவராக அறிவிக்கப்பட்டிருக்கிறீர்களா?' இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். அனுப்பிய கையோடு அம்மாவுக்கு வாட்சப்பில் ஒரு குரல்பதிவு அனுப்பினேன். அதை இப்போதும் அழிக்கவில்லை. என் குரல் சந்தோஷமாக இல்லை, களைத்துப்போய் இருக்கிறது. "எம்மா, நான் ஐ.பி.க்கு குடுத்தாச்சு. இனி என்ன ஆவுமோ தெரியாது. ஜெபம் பண்ணுங்கம்மா."

ஒரு மணி நேரம் கழித்து அம்மாவின் பதில் வந்தது. "கர்த்தர் கைவிடமாட்டாரு மக்கா. தைரியமா இரு. ஆருகிட்டயும் சொல்லாண்டாம், கேட்டியா?"

கண்பட்டுவிடும் என்று அம்மா பயப்படுகிறாள் என்று நினைத்தேன். நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா என் அண்ணன் வில்சனிடமும் மைனி செலினிடமும் மட்டும் சொன்னாள். மைனி என்றால் அண்ணனின் மனைவி, எங்கள் ஊர்ப் பள்ளியில் கணக்கு டீச்சர். அவர்களும் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஊரிலிருந்து போன் குறைந்தது. முன்பெல்லாம் வாட்ச் வாங்கி வா, சென்ட் வாங்கி வா என்று கேட்டவர்கள் கேட்பதை நிறுத்தினார்கள். அக்கரையில் இருப்பவளை மறந்துவிட்டார்கள் என்று எனக்குக் கோபம். சாமிடம் புலம்பித் தீர்த்தேன். அவர்கள் எனக்கு மரியாதை செய்துகொண்டிருந்தார்கள்.

4

அண்ணன் நடத்தியது அப்பா தொடங்கிய அண்டியாபீஸ். அண்டி என்றால் முந்திரிக்கொட்டை. அதை வறுத்து, உடைத்து, பருப்பெடுக்கும் ஆலைக்கு எங்கள் பக்கம் அப்படித்தான் பெயர். இங்கே என் மதுரைத் தோழி ஒருத்தி, "ஆன்ட்டிகள் வேலை பார்க்கிற ஆபீஸா?" என்று கேட்டாள். அதுவும் தப்பில்லை. நாற்பது பெண்கள், பெரும்பாலும் என் வயதைத் தாண்டியவர்கள், கொட்டைப் பாலில் கை கறுத்துப்போனவர்கள். நானும் அண்ணனும் எம்.காம். வரை படித்ததும் என் கல்யாண நகையும் அவர்கள் கையிலிருந்து வந்தவை.

படிப்பின் இரண்டாவது வருடத்தில் ஒரு செய்முறைப் பயிற்சி. சரிந்துகொண்டிருக்கும் சிறு தொழில் ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு, அதை மீட்கத் திட்டம் போட வேண்டும். மற்றவர்கள் பேக்கரி, பார், சலூன் என்று எடுத்தார்கள். நான் அண்டியாபீஸை எடுத்தேன். எங்கள் ஆபீஸ் நன்றாக நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு, விவரம் கேட்க ஒரு சனிக்கிழமை காலை அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அண்ணா, நம்ம ஆபீசு மாதிரி ஒண்ண இப்பம் நடத்தணும்னா மாசம் எவ்வளவு வேணும்?"

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"எதுக்கு மக்கா?"

"சும்மா ஒரு கணக்கு போட்டுப் பாக்கேன்."

"நீ பதறி வெப்ராளப்படாத. மொதல்ல நாலு பெண்ணுவள வச்சுத் தொடங்கலாம்."

"நாலு பத்தாதுண்ணா. நாப்பது வேணும்."

"ஏட்டி, எடுத்த ஒடன நாப்பதா? பைய பைய ஆவட்டு."

நான் சிரித்தேன். அண்ணனுக்கு நையாண்டி கூடிவிட்டது என்று நினைத்தேன். "கடன் முறுகிப்போச்சுன்னு வச்சுக்க. பாங்குக்கு ஈடா நம்ம ரப்பர் வெளயக் காட்டலாமா?" என்று அடுத்ததைக் கேட்டேன். விளை என்றால் தோட்டம். எங்கள் வீட்டை ஒட்டி ஐம்பது சென்ட் ரப்பர் விளை அண்ணன் பெயரில் இருக்கிறது.

"அந்த வெளய ஆரும் தொடமாட்டாவ. அது அங்கதான் கெடக்கும். நீ அதப் பத்தி நெனச்சு உறங்காம இருக்காத" என்றான். பிறகு, "சாமுக்கு வேல உண்டும்லா? பிள்ளைக்கு ஒண்ணும் கொறவு வைக்காத. அண்ணன் இருக்கேன், கேட்டியா?" என்றான்.

போனை வைத்த பிறகு எனக்குக் கண் கலங்கியது. பரீட்சை பயத்தில் இருப்பவளுக்கு அண்ணன் ஆறுதல் சொல்கிறான் என்று உருகிப்போனேன். ஏன் இவ்வளவு ஆறுதல் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நானும் அந்த ஊர்க்காரிதானே.

என் திட்டம் எளிமையானது. தவணை தவறத் தொடங்கியதுமே பாங்கிடம் போய் அவகாசம் கேட்பது, ரப்பர் விளையைக் கூடுதல் ஈடாக வைப்பது, ஒரு வருடம் சொந்தமாகக் கொட்டை வாங்காமல் பெரிய ஆலைகளுக்குக் கூலிக்கு உடைத்துக் கொடுப்பது. வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மதிப்பெண். எங்கள் ஆசிரியை, ஒரு ஸ்காட்லாந்துப் பெண்மணி, அடுத்த வருட மாணவர்களுக்கு மாதிரியாகக் காட்ட அதை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். பெருமையோடு சம்மதித்தேன்.

5

எல்லாப் பரீட்சையும் எழுதி முடித்துத் தேறி, போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனோம். நாலு வருடம் கழித்துப் போகிறோம். திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு அண்ணன் எப்போதும் வருவான். இந்தத் தடவை டாக்சி மட்டும் வந்தது. வேலை என்றான்.

வீட்டில் எல்லோரும் எங்கள் மேல் பாசத்தைக் கொட்டினார்கள். பார்க்க வந்த சித்திமார் ரியாவின் கையில் ஐந்நூறு ரூபாய் நோட்டைத் திணித்தார்கள். ஒருத்தி தன் மகளுடைய சுடிதார்களைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். "அங்க கஷ்டமா மக்கா?" என்று ரியாவிடம் கேட்டாள். ரியாவுக்குத் தன் பத்தாம் வகுப்புப் பரீட்சைதான் ஞாபகம். "ஆமா, ரொம்ப கஷ்டம். அம்மாவும் அழும்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். சித்தி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்று மத்தியானம் ரியா என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள், "அம்மா, நம்ம சொந்தத்துல யாராவது செத்துப்போய்ட்டாங்களா?" தமிழ் சரியாகத் தெரியாத பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் ஆபீஸ் பெண்களுக்கென்று நாற்பது கேக் பொட்டலம் வாங்கி, சாமையும் கூட்டிக்கொண்டு போனேன். கேட்டில் டைல்ஸ் கம்பெனி பலகை. உள்ளே கொட்டை காயப்போடும் களம் முழுக்க டைல்ஸ் அட்டைப் பெட்டிகள். காவலுக்கு இருந்தவர், "அண்டியாபீசா? அது பொளிஞ்சு, பூட்டி வருசம் ஒண்ணு ஆச்சே" என்றார்.

கேக்கைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தோம். மைனி அடுக்களையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் மட்டும்தான் இருந்தாள்.

"மைனி, ஆபீசு இல்லன்னு ஏன் எனக்குச் சொல்லல?"

"ஒனக்ககிட்ட எப்பிடி மக்கா சொல்லதுக்கு? நீயே ஐ.பி. குடுத்துட்டு நிக்குத."

எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் கேக் பைகளைத் தரையில் வைத்தேன். "பெட்டிஷன் இல்ல மைனி. பிராக்டிஷனர். அது ஒரு வேல. அதுக்குப் படிக்கதுக்குத்தான் குடுத்தேன்."

மைனி கத்தியை வைத்துவிட்டாள். "பிராக்டிஷனர்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "அப்பம் ஒனக்குக் கடன் இல்லியா?"

"வீட்டு லோன் உண்டு. எல்லாருக்கும் உள்ளதுதான்."

"முழுப் பேரச் சொல்லியிருக்கப்பிடாதா மக்கா?" என்றாள். அவள் குரல் உயரவில்லை. கையைக் கழுவிவிட்டுப் போய், அலமாரியிலிருந்து ஒரு பைலை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள்.

6

மேலே இருந்தது பாங்க் கடிதம். இந்த மாதிரிக் கடிதங்களை நான் வேலையில் வாரத்துக்கு இருபது வாசிக்கிறவள். பயமுறுத்தும் வரிகள் முதல் பக்கத்தில் இருக்கும், வழி இரண்டாம் பக்கத்தின் அடியில் இருக்கும். இதிலும் அப்படித்தான். ஒரு மாதத்துக்குள் விண்ணப்பமும் கூடுதல் ஈடும் கொடுத்தால் தவணையை மாற்றி அமைப்பதைப் பரிசீலிப்போம் என்று தெளிவாக இருந்தது. நான் காகிதத்தில் போட்ட திட்டம்தான் அது. நான் விவரம் கேட்டுப் போன் செய்த சனிக்கிழமைக்கு ஒன்பது நாள் முந்தைய தேதி.

"நான் வாசிச்சுச் சொன்னேன்" என்றாள் மைனி. "வெளய ஈடு வைப்போம், கணக்கு போட்டுப் பாத்தாச்சு, ரெண்டு வருசத்துல மீட்டிரலாம்னு சொன்னேன். அவரு கேக்கல. 'அது ஷீபாவுக்கு. அவ ஐ.பி. குடுத்துட்டுப் பிள்ளயோட வந்தா எங்க எறங்குவா? நாலு பேர வச்சு ஆபீசு தொடங்கணும்னு கணக்கு கேக்கா பாவம்'னாரு. அதுல ரெண்டு பேருக்கும் சண்ட. ஒரு மாசம் நான் அவருகிட்ட வாயத் தொறந்து மிண்டல. அதுக்குள்ள நாளு களிஞ்சு போச்சு."

ஆபீஸ் விற்ற பணம் பாங்குக்கும், பெண்களின் கணக்கைத் தீர்க்கவும் சரியாகிவிட்டது. அண்ணன் இப்போது குலசேகரம் பக்கத்தில் வேறொருவரின் அண்டியாபீஸில் சூப்பர்வைசர். எங்கள் ஆபீஸ் பெண்களில் ஆறு பேருக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறான். மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று மைனியிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

விளையைப் போய்ப் பார்த்தேன். மரங்களுக்குப் பால் பிடிக்கும் சிரட்டையெல்லாம் புதிதாகக் கட்டியிருந்தது. ஓரத்தில் ஒரு வீட்டுக்கு அஸ்திவார வாணம் தோண்டுகிற அளவுக்கு மண்ணைச் சமப்படுத்தி வைத்திருந்தான்.

7

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அண்ணனிடம் சொன்னேன். சுற்றி வளைக்காமல், ஐ.பி.க்கு இங்கே என்ன அர்த்தம், அங்கே என்ன அர்த்தம் என்று சொன்னேன். அவன் சோற்றில் கையை வைத்தபடியே கேட்டான்.

"அப்பம் ஒனக்கு ஒண்ணும் இல்ல?"

"இல்லண்ணா."

"வீடு போவல?"

"போவல."

அண்ணன் இடது கையால் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தான். "எம்மா, கேட்டியா, இவ பொளியல்ல! பரீச்ச எழுதினதாக்கும்!" என்று அம்மாவிடம் கத்தினான். அம்மாவுக்குச் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. "மூணு வருசமா வெள்ளிக்கிழம தோறும் உபவாசம் இருந்தேனே" என்றாள். சாமும் சிரித்தார். ரியா எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று சிரித்தாள். அண்ணன் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்க்க என்னால் முடியவில்லை. அவன் என்னை ரெண்டு திட்டு திட்டியிருக்கலாம்.

சிரிப்பு அடங்கிய பிறகு அவன் கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"ஏட்டி, நீ இதுக்குத்தானே படிச்ச. உள்ளதச் சொல்லு. அந்த லெட்டரு வந்தப்பம் வெளய வச்சிருந்தா, ஆபீசு நின்னிருக்குமா?"

இந்தத் தொழிலில் முதல் வகுப்பிலேயே சொல்லித் தருவது, யார் முகத்துக்காகவும் கருத்தை மாற்றக் கூடாது என்பது. அதற்கென்று தனிப் பரீட்சையே உண்டு. அதிலும் நான் நல்ல மதிப்பெண்தான். எனக்குப் பதில் தெரியும். அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவன் இன்னும் இருபது வருடம் காலையில் எழுந்து அடுத்தவன் ஆபீஸுக்குப் போக வேண்டும்.

"நிக்காதுண்ணா" என்றேன். "நாலஞ்சு மாசம் இழுத்திருக்கும். பிறவு வெளயும் சேந்து போயிருக்கும். அண்டிக்க வெல அப்பிடி."

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். தோளிலிருந்து பாரம் இறங்கியது போல இருந்தது. "நானும் இதத்தான் இவகிட்ட சொன்னேன்" என்று மைனியைக் காட்டினான். "படிச்சவ சொல்லுகா, இப்பமாவது கேளு."

மைனி என்னைப் பார்த்தாள். அந்தக் கடிதத்தை நான் மூன்று முறை வாசித்ததைப் பார்த்தவள் அவள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் பொய் அந்த இடத்திலேயே உடைந்திருக்கும். "அப்பம் எனக்குத்தான் கணக்கு தெரியாமப் போச்சு" என்றாள். சொல்லிவிட்டு அண்ணனுக்கு மீன்குழம்பு ஊற்றினாள். அவன் அன்றைக்கு இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

நாங்கள் கிளம்பும்வரை மைனி என்னோடு வேண்டியது மட்டும்தான் பேசினாள்.

அண்ணன் போனில் வரும் இரண்டு வரிக்கு மேல் எதையும் வாசிக்கிறவன் இல்லை. மைனி வாசிப்பாள். மைனி, நீங்கள் போட்ட கணக்கு சரி. விளையை வைத்திருந்தால் ஆபீஸ் நின்றிருக்கும். நாற்பது பேருக்கும் வேலை இருந்திருக்கும். இதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அண்ணனிடம் மட்டும் காட்டிவிடாதீர்கள்.